மாவ் என்றுதான் சொன்னேன், அம்மா

ஆயர் ஈத்தாம், பினாங்கு
9.8.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் செல்வநாயகி வணங்கி எழுதுவது. நான் நலம். ஜொகூரில் நீங்களும் அண்ணா வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா?

உங்கள் கடிதம் வந்தது. சனிக்கிழமை அண்ணாவின் காரில் வந்து என்னைச் சாமான்களோடு ஏற்றிப் போகிறீர்களாம்; வீட்டுச் சாவியை ஊனமுற்றோர் சங்கத்தில் நான் ஒப்படைக்க வேண்டுமாம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை தனியாக இருப்பதா என்று அண்ணா கேட்கிறாராம். பிள்ளைக்கு முப்பத்தொரு வயது என்று சொல்லுங்கள். மூன்று நாளாக இந்தப் பதிலைத் தட்டச்சில் அடிக்கிறேன். கோபத்தில் வேகம் வருமென்றால் நேற்றே முடித்திருப்பேன்.

நெற்றியில் கட்டிய குச்சியால் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் விழுமே, அந்தத் தொல்லை தீர்ந்தது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் பெர்னார்ட், ஓட்டை போட்ட தகடு ஒன்றைத் தட்டச்சுப் பொறியின் மேல் பொருத்தித் தந்தார். காலையில் எதிர்வீட்டு நூர் பீவி அக்கா வந்து என்னைக் குளிப்பாட்டி உட்கார்த்துகிறார். மத்தியானம் சங்கத்து டோரதி ஊட்டிவிடுகிறாள். மோட்டார் நாற்காலியில் நானே பசாருக்குப் போகிறேன். போன வாரம் மீன்காரரின் கூடையை இடித்துவிட்டேன். மற்றவர்களைத் திட்டுவது போலவே என்னையும் திட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன் சங்கத்தார் வந்து, தனி வீட்டில் இருக்க விருப்பமா என்று என்னைக் கேட்டார்களே. "வேண்டும்" என்ற சொல் என் வாயில் வராது. மலாய்க்காரர் அதற்குச் சொல்லும் "மாவ்" வரும், அதுவும் பாதிதான். "மா, மா" என்றேன். நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "பாருங்கோ, அம்மா எண்டு என்னைத்தான் கூப்பிடுறாள், எப்பிடி விடுவன்" என்று அழுதீர்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தபின் திருத்த எனக்கு மனம் வரவில்லை. எழுத்துகளைத் தொட்டுக் காட்டிப் பேசும் பலகை கிடைத்து நானே கேட்கும்வரை நான்கு வருடம் போயிற்று.

இப்போது எல்லாம் தலைகீழ். காலையில் கண் விழித்ததும் உங்கள் நினைப்பில் "ம்மா" என்கிறேன். "என்ன மாவ், தண்ணியா? சொல்லு லா" என்று நூர் பீவி அக்கா தண்ணீர் கொண்டுவருகிறார். குடித்துவிடுகிறேன். தாகம் தண்ணீருக்கு இல்லை, அம்மா. உங்களை வேண்டாம் என்று நான் இங்கே வரவில்லை. எனக்கு இந்த வீடும் வேண்டும், நீங்களும் வேண்டும். பேராசைதான்.

அதனால் கார் வேண்டாம். நீங்கள் மட்டும் ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி ஏறுங்கள். இந்தக் கரையில் டோரதி நிற்பாள். நாலு நாள் விருந்தாளியாக இருங்கள். கதவைத் தட்டியதும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடாதீர்கள். கதவை இழுத்துத் திறக்கக் கைப்பிடியில் கட்டிய கயிறு என் கையில் சிக்க ஐந்து நிமிடமாகும். விழுந்துவிட்டேனோ என்று பயந்து யாரையும் கூப்பிடவும் வேண்டாம். கால் வலித்தால் நூர் பீவி அக்கா நாற்காலி போடுவார். பொறுத்திருங்கள், அம்மா. என் வீட்டுக் கதவை உங்களுக்கு நான்தான் திறக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி இருக்கும்
உங்கள் மகள்,
செல்வநாயகி