நாலு அப்பாக்களின் மூன்றாம் வகுப்புப் பாடம்

மொழி அப்பாவுக்கு,

விடிய விடிய ஆன்லைனில் சண்டை போட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள், அதனால் எழுப்பவில்லை. பிள்ளை மொழியைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போகிறேன். புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு ஊர்ப் பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒன்றாகச் சேர்ந்து ‘எங்கள் அருவி’ என்று ஒரு பக்கம் எழுதட்டும் என்றுதான் டீச்சர் சொன்னார். எழுதுவதோ நாலு அப்பாக்கள். சுரண்டைக்காரர் எழுதுவதை நீங்கள் அழிக்கிறீர்கள், நீங்கள் எழுதுவதை ஆய்க்குடிக்காரர் அழிக்கிறார். “எவன்லே என் அருவியில கைய வைக்குதான்?” என்று லேப்டாப்பைப் பார்த்து நீங்கள் போட்ட சத்தத்தில் பிள்ளை முழித்துவிட்டாள்.

மற்ற மூன்று பிள்ளைகளும் அம்மாக்களோடு அருவிக்கு வருகிறார்கள். அவர்கள் சேர்ந்து குளிக்கட்டும். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து படியுங்கள்.

நிர்மலா

பி.கு.: அப்பளம் பொரிக்கவில்லை, கோபத்தில்தான்.

இன்னொன்று. நேற்று “சம்பந்தமில்லாம எழுதியிருக்கான்” என்று ஒரு வரியை அழித்தீர்களே, அதை எழுதியது சுரண்டைக்காரர் இல்லை, உங்கள் மகள். அந்தப் பக்கத்தில் அவள் எழுதியது அது ஒன்றுதான்: “எங்க அப்பா அருவியில நிக்கும்போது மட்டும் சிரிப்பாங்க.”

உங்கள் துண்டு கொடியில் கிடக்கிறது.