மாடியில் இதழ்கள், கீழே நான்

அன்புள்ள மிசுஹோவுக்கு,

நெரிமாவில் நான், அம்மா, பூனை மூவரும் நலம். குஷிரோவில் நீயும் தகுமாவும் உன் வயிற்றில் இருப்பவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழைக்காலம் பிடித்துவிட்டது, வீட்டு மரமெல்லாம் ஊதிப்போயிருக்கிறது. கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து உன் அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன், போன் சமையலறையில் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தலைப்பிரசவத்துக்கு இங்கே வரலாமா என்று நீ கேட்டதிலிருந்து, உன் அறையில் நான் அடுக்கியிருந்த பழைய அறிவியல் இதழ்களை எடுத்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். நானும் வேலை முடிந்து வந்ததும் கட்டுக் கட்டாக மாடி அறைக்கு ஏற்றினேன். மாடி அறை உன் அறைக்கு நேர் மேலே. அங்கே பள்ளிக்கூட நாளிலிருந்து நான் சேர்த்தவை ஏற்கெனவே கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து, இத்தனை பேருக்கு மேல் ஏறாதே என்று பலகை ஒட்டுவது என் வேலை, சொந்த வீட்டில் அந்தக் கணக்கைப் போடவில்லை. இன்று உன் அறையைப் பெருக்க வந்தவன் பூனை நுழையாமலிருக்கக் கதவை இழுத்துச் சாத்தினேன். மேலே ஒரு வரிசை சரிந்த சத்தம், விட்டம் முனகிக் கதவின்மேல் இறங்கியது, கதவு அப்படியே இறுகி நின்றுவிட்டது. காகிதக் கதவு வேண்டாம், நான் பேசுவதெல்லாம் வெளியே கேட்கிறது, கெட்டி மரக்கதவு போட்டுக் கொடுங்கள் என்று பதினைந்து வயதில் நீ அழுது வாங்கியது இதுதான். காகிதமாக இருந்தால் ஓர் உதை போதும். இதை உடைக்கவும் முடியாது, இப்போது விட்டத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதே இந்தக் கதவுதான். ஜன்னலில் திருடனுக்குப் பயந்து நானே திருகின் தலையை மழுங்கடித்துப் பொருத்திய இரும்புக் கம்பி. ஆக, எல்லாமே என் கைவேலை.

கத்தியதும் அம்மா ஜன்னலுக்கு வந்தாள். லிஃப்டில் மாட்டியவர்களிடம் நான் பேசுகிற அதே குரலில், "ஐயா, பதறாதீங்க, கதவை நெம்பாதீங்க, எங்க ஆளு வந்துக்கிட்டே இருக்காரு" என்றாள். தச்சரைக் கூப்பிடு என்றேன். "தச்சர் வந்து என்ன சொல்வாரு, எடையை இறக்குங்கன்னுதான் சொல்வாரு. அதைத்தான் நான் கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், எனக்கு யாரு கூலி குடுத்தா?" என்று திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, கான்டாவில் பழைய புத்தகக்கடை வைத்திருக்கும் உட்சுமி வண்டியோடு வருகிறார், மாடியிலிருப்பதை முழுக்க அவர் எடுத்துப் போவதா, இல்லை மிசுஹோ மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்வதா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றாள். பாதியைக் கொடுக்கிறேன் என்றேன். "பாதின்னா அடுத்த மழைக்கு மறுபடியும் உள்ளே இருப்பீங்க. வாயால சொல்லவும் வேணாம், வெளியே வந்ததும் மறந்துடுவீங்க. அவளுக்கு எழுதுங்க, நானே தபால்ல போடறேன்" என்று கம்பி வழியாகச் சோற்று உருண்டையையும் பேனாவையும் நீட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சோறு தின்றேன், எழுதவில்லை. வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, ஆனால் மாடிப்படியில் யாரும் ஏறவில்லை. வாசல் இந்த ஜன்னலிலிருந்து தெரியாது, சுவர் மறைக்கிறது. எனக்குப் பொறுமை கிடையாது. மாடிக்கு ஏற்ற மனம் வராமல் ஒரு பெட்டியை இங்கேயே வைத்திருந்தேன், இதழோடு இணைப்பாக வந்த அட்டைப் பொருள்கள், ஒன்றுகூட வெட்டாதவை. வெட்டாதது தங்கம், வெட்டினால் வெறும் அட்டை என்பார் உட்சுமி. அதில் மூலை தாண்டிப் பார்க்கிற கண்ணாடிக் குழல் ஒன்று இருந்தது, ஏழு வயதில் நீ கேட்டு நான் தராதது. உன் மேசையிலிருந்த கத்திரிக்கோலால் வெட்டினேன், மடித்தேன், இரண்டு குட்டிக் கண்ணாடியையும் சொருகினேன், கம்பி வழியாக நீட்டினேன். முப்பது வருடத்து அட்டை, மடிப்பு ஒன்றுகூடத் தவறவில்லை. வாசற்படியில் அம்மாவும் உட்சுமியும் வாற்கோதுமைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், பூனை அவர் மடியில். ஒருவருக்கும் அவசரமில்லை. உட்சுமி தலைநிமிர்ந்து குழலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதை வெட்டிட்டீங்களா, என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்று தலையில் கை வைத்தார். அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "வெட்டிட்டாரா? அப்ப எழுதிடுவாரு. எழுந்திருங்க உட்சுமி, படி ஏறலாம்" என்றாள்.

எழுதிவிட்டேன். மாடியிலிருப்பது முழுவதும் போகிறது, இந்தப் பெட்டியும் போகிறது. ஒன்று நின்றால் நூறு வரும், என்னை எனக்குத் தெரியும். இதை எழுதும்போதே தலைக்கு மேல் கட்டுகள் இறங்குகிற சத்தம். வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

நீ ஜூலை கடைசிக்குள் கிளம்பிவிடு, மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தாய்சேய்க் கையேட்டை மறக்காதே. தகுமாவைக் கனமான பெட்டி தூக்கச் சொல், நீ தூக்காதே. புத்தகம் எதுவும் கொண்டுவராதே. நீயும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் வேறு வேறாக வேண்டும்.

கதவு விரலளவு விலகியிருக்கிறது. பூனை மூக்கை நுழைத்துப் பார்க்கிறது. குழல் உன் மேசைமேல் இருக்கிறது, முதலில் நீ பார், பிறகு பிள்ளைக்குக் கொடு.

இப்படிக்கு,
நாற்பத்துநான்கு வயதில் தாத்தாவாகப் போகிற
அப்பா ஹிரோனாரி