எல்லாக் கணினிக்கும் ஒரே மாமியார்

மே 6, புதன்

விடுமுறை தொடங்கி மூன்று புத்தகம் முடித்துவிட்டேன். இன்னும் வீட்டில் விட்டால் அலமாரியையே தின்றுவிடுவேனாம்; அப்பா சொல்கிறார். அதனால் நாளை முதல் அம்மாவோடு அவள் அலுவலகத்துக்கு.

அம்மா குடை செய்யும் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே ஆளுக்கொரு மென்பொருளில் மின்னஞ்சல் பார்க்கிறார்கள். ஒன்று சரியானால் இன்னொன்று படுத்துவிடும். வெளி ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்றாராம் மேலாளர். "நானே செஞ்சிடுவேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அம்மா. சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த வெளி ஆட்களே அவள் நாற்காலியிலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

வாசல் ஆணியில் அவள் அடையாள அட்டை மஞ்சள் கயிற்றில் தொங்குகிறது. நிரந்தரமானவர்களுக்கு நீலக் கயிறு.

செய்துவிடுவாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

மே 7, வியாழன்

சர்வர் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. பூட்டிய சின்ன அறையில், குளிரில், இரைந்துகொண்டே இருக்கிறது. புது அஞ்சல் மென்பொருளும் அதன் அமைப்புகளும் அந்தப் பெட்டியில் மட்டும் இருக்கும். எந்த மேசையில் யார் திறந்தாலும் அங்கிருந்துதான் வரும். அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும், மறுமுறை திறக்கும்போது எல்லா மேசையிலும் மாறியிருக்கும்.

சாப்பிடும்போது அப்பாவுக்கு விளக்கினேன்.

"எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாமியார் வந்தாச்சுன்னு சொல்லு. அவங்களக் கேக்காம ஒரு கடுதாசி வெளிய போகாது."

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது.

மே 8, வெள்ளி

சர்வரில் இடம் போதவில்லை. அதனால் மென்பொருளை மூடும்போதெல்லாம் குப்பைத் தொட்டி தானாகக் காலியாகும்படி அம்மா ஒரு வரி சேர்த்தாள்.

"குப்பைய யாரு சேத்து வைக்கப் போறாங்க?" என்றாள். நியாயம்தானே. நானும் தலையாட்டினேன்.

மே 10, ஞாயிறு

அம்மா மட்டும் போய் எல்லாருடைய பழைய அஞ்சல்களையும் புதியதற்கு மாற்றிவிட்டு வந்தாள். இடம் வேண்டுமே என்று பழைய பிரதிகளை அழித்தும் விட்டாளாம். முகத்தில் பாதி தூக்கம், பாதி பெருமை.

மே 11, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் குழப்பிவிடுவேன்.

மேசை மேசையாகப் போய், புதியது திறக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. "சின்ன இன்ஜினியரம்மா வந்தாச்சு, எல்லாரும் நிமிந்து உக்காருங்க" என்று கணக்குப் பிரிவு அக்கா கிண்டல் செய்தார். எல்லாமே ஜோராகத் திறந்தன. கடைசியில் மேலாளர் அறை. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய இன்பாக்ஸ் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

"சார், உங்க மெயில் ஒண்ணும் வரலையா?"

"வந்திருக்கேம்மா. படிச்சதும் டிலீட் தட்டிடுவேன். நேரா குப்பைக்குப் போயிடும். வேணுங்கறப்ப அங்க போய் எடுத்துக்குவேன். முன்னாடி சுத்தமா இருக்கணும் எனக்கு."

திறந்தும் காட்டினார். மழைக்கால ஆர்டர்கள், துணி விலை, கம்பி விலை - வருடக்கணக்காக எல்லாம் அங்கே. பிறகு அவர் கை மூடும் குறிக்குப் போனது.

"மூடாதீங்க சார்."

கத்திவிட்டேனா? கத்திவிட்டேன். "அம்மா வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று வேறு சொன்னேன், மேலாளரிடம்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னதும் எழுந்துவிட்டாள். "குப்பையிலயா..."

அவற்றைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, சும்மா ஒரு சோதனை சார் என்று சொல்லிவிடலாமே. அவள் கூடவே ஓடும்போது என் மனதில் வந்தது அதுதான். உண்மையைச் சொன்னால் மஞ்சள் கயிறும் போச்சு.

அம்மா எல்லாவற்றையும் ஒரு புது ஃபோல்டருக்கு மாற்றினாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"சார், நீங்க இத மூடியிருந்தா அவ்வளவும் போயிருக்கும். அப்படி வச்சது நான்தான். உங்களையெல்லாம் கேட்டுட்டு செஞ்சிருக்கணும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "குப்பையில வச்சிக்கிறது நான் ஒருத்தன்தானா?"

"தெரியல சார். இப்பவே பாக்கறேன்."

யாரும் மூட வேண்டாம் என்று எல்லாருக்கும் அஞ்சல் அனுப்பினாள், புது மென்பொருள் வழியாகவே. அந்த வரியை நீக்கினாள். மறுபடி மேசை மேசையாகப் போனோம். கிடங்குக்காரரும் அப்படித்தான் வைத்திருந்தார். என்னைக் கிண்டல் செய்த அக்காவும். நல்லவேளை, இருவருமே இன்னும் மூடியிருக்கவில்லை.

"அப்ப நான் தனி ஆள் இல்ல" என்று மேலாளர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். கோபமா, நிம்மதியா? பிடிபடவில்லை.

மே 12, செவ்வாய்

இன்று அம்மாவை ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. ஒரு மேசைக்கும் ஓடவில்லை. இது நல்லதுதானே?

ஜூன் 1, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. வரலாற்றுப் புத்தகம் தடிமன். பக்க அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும் என்றேன். அம்மா கைப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. இனிமே எனக்கு வேணாம்."

திரும்பி வாசல் ஆணியைப் பார்த்தேன்.

நீலம்.

கயிற்றை அளவாக வெட்டி, பிரியாமலிருக்க முனையைத் தீக்குச்சியில் சுட்டுத் தந்தாள். இப்போது இரண்டாம் பாடத்தில் இருக்கிறது.