வேர் முடிச்சுகள்

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வயலுக்குப் போனோம். இருந்தவர்கள்: நான், கொழுந்தன் ஜேக்கப், களையெடுக்க வந்த வத்தல்மலை செல்லியக்கா. மூன்றே பேர். போன வருடம் வரை நான்காவதாக என் வீட்டுக்காரர் சவரி இருந்தார்.

தக்காளிச் செடி ஒன்று சாய்ந்திருந்தது. பிடுங்கினேன். வேர் நெடுக முடிச்சுகள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கல்யாணமான வருடம் இதே வயலில் அவர் ஒரு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த முடிச்சை நசுக்கிக் காட்டினார். உள்ளே சிவப்பு. "பாரு மேரி, கண்ணுக்குத் தெரியாத உசுருங்க செடிக்குச் சோறாக்குற வூடு இது." அன்றிலிருந்து ஒவ்வொரு விதைப்புப் பட்டத்திலும் எண்ணி நோட்டில் எழுதுகிறேன்.

இன்று: தக்காளி, முடிச்சு 56. மாதாவுக்கு நன்றி.

ஜூன் 16

பதினொரு செடி வாடிவிட்டது. இத்தனை முடிச்சு இருந்துமா?

ஜூன் 19

செல்லியக்காவிடம் வேரைக் காட்டி, நோட்டில் எழுதியதையும் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"கடலை முடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், நகத்துல தள்ளுனா வுழுந்துடும். இது வேரே வீங்கிக் கெடக்குது. நூல்புழு பூந்திருக்குது. நோவை எண்ணி எழுதிட்டு, சாமிக்கு நன்றி வேற சொன்னியா மேரி?"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் காட்டியது கடலைக்குச் சரி. நான்தான் அதைத் தக்காளிக்கும் —

ஜூன் 23

ஜேக்கப் வந்தார். "மண்ணு செத்துப்போச்சுங்க அண்ணி. செங்கல் சூளைக்காரரு ரெண்டடி மேல்மண்ணு கேக்குறாரு. அள்ளிக் குடுத்துடலாம்."

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் எரு போட்டதெல்லாம் அந்த ரெண்டடியில்தானே?

"ஒரு பட்டம் பொறுங்க தம்பி" என்றேன்.

"பொங்கல் வரைக்கும்தானுங்க."

ஜூலை 20

தக்காளி வேர்களைப் பொறுக்கிக் கொளுத்திவிட்டு, வயல் முழுக்கச் செண்டுமல்லி நட்டோம். அதன் வேர் நூல்புழுவுக்கு ஆகாது என்பது செல்லியக்கா யோசனை. வேளாண்மை அலுவலகத்திலும் கேட்டேன், ஆமாம் என்றார்கள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். இன்று பறித்த முதல் கூடைப் பூ அவர் கல்லறைக்கு. நான் ஏமாந்த கதையை அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். இருந்திருந்தால் வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நவம்பர் 12

செண்டுமல்லியை மடக்கி உழுது தட்டைப்பயறு விதைத்தோம். கடலை போல இதிலும் நல்ல முடிச்சு வருமாம்; நூல்புழுவுக்கும் இது பிடிக்குமாம். மிச்சமிருந்தால் இந்த வேரில் தெரிந்துவிடும்.

டிசம்பர் 8

மழை. செபமாலை. வயலுக்குப் போகப் பயம்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஐந்து செடி பிடுங்கினேன். ஒன்றில் மட்டும் மூன்று இடத்தில் வீக்கம். மற்ற நான்கிலும் இருந்த முடிச்செல்லாம் நகம் பட்டதும் உதிர்ந்தது. ஒன்றை நசுக்கினேன். சிவப்பு. இந்தப் பட்டத்துக்கு எண்ணவில்லை.

ஒரு செடியை மண்ணோடு ஈரத்துணியில் சுற்றி, செல்லியக்காவிடம் ஜேக்கப்புக்குக் கொடுத்தனுப்பினேன். கூடவே வைத்த சீட்டு:

"தம்பி, முடிச்சை நகத்தால் தள்ளிப் பாருங்க. நசுக்கியும் பாருங்க. இந்த மண்ணு செத்துப்போச்சா? சூளைக்காரர் பொங்கல் வரைக்கும் காக்காம வெள்ளிக்கிழமையே வர்றாராம். அதுக்கு முன்னாடி பதில் சொல்லுங்க."