ஆமை இருந்த தொட்டி

ஆனி 9, ஞாயிறு.

எங்கள் ஊர் வயல்களை வாங்கிக் கட்டிய பூங்காவின் கடல் மாளிகையில் இப்போது மீன்களே இல்லை. கண்ணாடித் தொட்டியை எடுத்துவிட்டுச் சுவர் முழுக்கத் திரை வைத்திருக்கிறார்கள். திறப்பு நாளில் நான் வெகுநேரம் பார்த்து நின்ற ஆமை எங்கே என்று கேட்டேன்.

"திரையைத் தொடுங்க சார், நீந்தும்" என்றாள் டிக்கெட் கிழிக்கும் பெண்.

உடன் வந்த மாரிமுத்து சிரித்தார். "கடலே நம்ம ஊருக்கு வருதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? வாத்தியாரே கையெழுத்துப் போட்டுட்டாருன்னுதானே நாங்களும் வயலை எழுதிக் கொடுத்தோம்."

மீன்காட்சி என்றைக்கும் இருக்கும் என்று வயலை வாங்கிய பூங்காக்காரர்கள் வாயால்தான் சொன்னார்கள். பத்திரத்தை இரண்டு முறை படித்தேன்; அதில் அந்த வரி இல்லை. கேட்கக் கூச்சப்பட்டு முதல் ஆளாகக் கையெழுத்திட்டேன்.

மாரிமுத்துவிடம் இதை இன்றும் சொல்லவில்லை.