மழைக்கு அனுப்பிய மூலை

சிவகாசி,
ஆகஸ்ட், ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள பெர்சிஸுக்கு,

நான் இங்கே சுகம். அயர்லாந்தில் நீ சுகமாக இருப்பதாகச் சாத்தூரில் உன் அம்மா சொன்னார்கள். உன்னைப் பற்றிய செய்தி எல்லாம் இப்போது சாத்தூர் வழியாகத்தான் வருகிறது. அதை நம்பி இந்த வரியை எழுதுகிறேன்.

போனில் பேசியது உனக்குப் பிடிக்கவில்லை. “நீங்க பேசல, இன்ஸ்பெக்‌ஷன் பண்றீங்க. சொல்ல வேண்டியத எழுதி அனுப்புங்க, நிதானமா வாசிக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இது தார்ப்பாய் பற்றிய கடிதம்.

போன டிசம்பரில் நீ லீவில் வந்தபோது மேகமலையில் வாடகை டென்ட் ஒழுகியது உனக்கு மறந்திருக்காது. கல் கனம் கனத்தது. தூக்கிக்கொண்டு ஏறியதும் வீண், உள்ளே உட்கார்ந்ததும் வீண். ஈர முடியைப் பிழிந்துகொண்டே நீ கேட்டாய்: “பிரஸ்ல இங்க் லேப்புல இருக்கீங்க, ஒரு துணிய நனையாமப் பண்ணத் தெரியாதா?” நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன். அடுத்த லீவுக்குள் நானே ஒன்று செய்கிறேன் என்றேன். செய்துவிட்டேன். இரண்டு பேர் படுக்கலாம், பைகளும் உள்ளே இருக்கலாம். மடித்தால் உன் கைப்பையில் அடங்கும். ஒரு கிலோ கூட இல்லை.

துணி திருப்பூர் கட் பீஸ் கடையில் வாங்கியது. பாராசூட் துணி என்று கொடுத்தான், நைலான்தான். அகலம் போதாததால் இரண்டு துண்டை நடுவில் சேர்த்துத் தைக்கவேண்டி வந்தது. டெய்லர் சங்கையா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மைக் செட்டுக்கு உறையா தம்பி?” என்றார். மலையில் போய்ப் படுப்பதற்கு என்றேன். “வீடு இருக்கில்ல?” என்றார். ஜீன்ஸ் தைக்கிற தடித்த ஊசியையே போட்டுத் தைத்துவிட்டார். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு இறங்கும். அந்தத் தையலுக்கு மட்டும் தனியாகக் கெட்டிப் பூச்சு கொடுத்தேன்.

பூச்சு சிம்பிள். அலுமினியம் ஜன்னல் ஓரத்தில் அடிக்கிற சிலிக்கான் டியூப்பை வாங்கி, பெயின்ட் கடை டர்பன்டைனில் கரைத்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து துணி முழுக்கத் தேய்க்க வேண்டும். டர்பன்டைன் பறந்துவிடும், சிலிக்கான் நூலோடு நின்றுவிடும். கெட்டியாகப் போட்டால் கனம் கூடும். நீர்க்கப் போட்டால் ஒழுகும். அந்தப் பதம் பிடிக்க மூன்று சிறு துண்டுகளைப் பாழாக்கினேன். வீடு முழுக்க வினிகர் ஊறுகாய் வாடை. நீ இருந்திருந்தால் என்னை வெளியே துரத்தியிருப்பாய்.

பெரிய துணியை எங்கே காயப்போடுவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. என்னோடு பாலிடெக்னிக் படித்த பாலகுரு, எம். புதுப்பட்டி ஊரில் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறான் அல்லவா? வெடிமருந்து காயவைக்கிற சிமெண்ட் மேடைகள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும் என்று துணியைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டான். “ஏலே நேசா, ஒரு கையில நைலானு, ஒரு கையில டர்பன்டைன் டின்னு. எங்க எல்லாரையும் ஒரே லோடுல மேல அனுப்பிரலாம்னு கெளம்பி வந்தியா?” என்றான். உள்ளே போகிறவர்கள் உடம்பில் கரண்டு நிற்கக்கூடாது என்று செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. நைலான் சேலைக்கே அனுமதி இல்லை. எனக்குத் தெரியாதது இல்லை. நான் அன்றைக்கு வேறு யோசனையில் இருந்தேன்.

அந்த யோசனையையும் எழுதிவிடுகிறேன். அன்று காலையில் சாத்தூர் சர்ச் வாசலில் உன் அம்மா என்னை நிறுத்தினார்கள். “மாப்பிள, அவ ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்காங்களாம். செப்டம்பர் கடைசிக்குள்ள சொல்லணுமாம். போட்டா இந்த டிசம்பருக்கு லீவு கெடையாதாம். ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பாளே?” என்றார்கள். சொன்னாள் அத்தை என்றேன். நீ சொல்லவில்லை. அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடிக்கவில்லை.

பிறகு வீட்டு மாடியிலேயே விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு செங்கல். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறு பக்கத்தைக் காற்று தூக்குகிறது. ஓடிப் போய் அதைப் பிடித்தால் இந்தப் பக்கம் மடங்கி, ஈரப் பூச்சோடு ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் பூச்சு திட்டுத் திட்டாக வருகிறது. மறுபடி தேய்க்கவேண்டும். ஒரு ஆள் எதிர்ப்பக்கம் நின்று இழுத்துப் பிடித்திருந்தால் காபி குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. எனக்குப் பகல் முழுக்க ஆனது. முழங்கால் இரண்டும் வெந்துவிட்டது.

போன மாதம் போனில் ஒன்று கேட்டாய். “நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒங்களுக்கு ஒண்ணுதான?” அப்போது போனை வைத்துவிட்டேன். ஒன்று இல்லை. செய்து பார்த்துவிட்டேன்.

அடுத்து வந்த தவறு இந்த ஊர்க்காரனுக்குத்தான் வரும். இங்கே எதுவானாலும் வெயிலில்தான் காய்கிறது. தீக்குச்சி, பட்டாசுக் குழாய், பசை தடவிய அட்டை எல்லாம் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் தார்ப்பாயையும் நாட்கணக்கில் வெயிலில் போட்டேன். பிசுபிசுப்பு போகவில்லை. தொட்டால் விரல் ரேகை விழுகிறது. கோபத்தில் இன்னும் இரண்டு நாள் போட்டேன். அப்புறம்தான் டியூப்பின் பின்பக்கம் படித்தேன். சிலிக்கான் வெயிலில் இறுகுவதில்லை, பெர்சிஸ். காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஊரே எந்த வெயிலை நம்பிப் பிழைக்கிறதோ, அது இதற்கு ஆகாது.

எடுத்துக் கொண்டுவந்து உள் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். அடியில் வாளிகளில் தண்ணீர், ஜன்னலில் நனைத்த சாக்கு. கீழ் வீட்டுக் கருப்பம்மாள் அக்கா தண்ணீர்க் குடத்தோடு எட்டிப் பார்த்து, “ஈரத்துல காயப்போடுற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று சிரித்தாள். இறுகிவிட்டது. மிச்சம் இருந்த பிசுபிசுப்புக்கு நம் பிரஸ் வழி உண்டு: அச்சான தாள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஸ்பிரே பவுடர் தூவுவோமே, அதில் ஒரு கைப்பிடி. மேனேஜரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். இப்போது வழவழவென்று இருக்கிறது.

அந்த அறை நம் அறைதான். துணி இன்னும் அங்கேதான் தொங்குகிறது. நான் ஹாலில் படுக்கிறேன். அது தொங்குவதற்கு முன்பும் ஹாலில்தான் படுத்தேன்.

இனி மீதி இருப்பது மழைச் சோதனை மட்டும். டம்ளர் வாயில் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நின்றது. அது சோதனை இல்லை. மழை உயரத்திலிருந்து அடிக்கும், விடாமல் அடிக்கும். இங்கே மழை இல்லை. தீபாவளி ஆர்டர் முடிகிறவரை யாருக்கும் அது வேண்டவும் வேண்டாம். ஊரில் தினமும் மாடியில் நின்று மேகம் தேடுகிற ஒரே ஆள் நான்தான். பைப்பில் அடித்துப் பார்க்கலாம் என்று ரப்பர் ஹோஸைச் செருகினேன். கருப்பம்மாள் அக்கா கீழேயிருந்து சத்தம் போட்டாள். “தம்பி, குடிக்கிற தண்ணிய துணிக்கு ஊத்தாதீக. மழ மழன்னும் கெடக்காதீக. மழ பேஞ்சா பட்டாசு காயாது, எங்களுக்கு வேலை கெடையாது, சம்பளமும் கெடையாது. மழதான் வேணும்னா பொண்டாட்டி இருக்க ஊருக்கு அனுப்புங்க. அங்கன நிக்காமப் பேயுதுன்னு நீங்கதான சொன்னீக?”

அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். முக்கோணமாக, உன் கர்சீப் அளவு. தார்ப்பாயின் ஒரு மூலை அது. நேற்று வெட்டினேன். பாலகுரு பக்கத்தில் இருந்தான். “மீதித் துணி அம்புட்டுக் கெடக்கு. அதுல பூசி அனுப்பாம ஏன்லே முடிச்ச துணியில கத்திரிய வைக்க?” என்றான். சாம்பிள் என்றால் சரக்கிலிருந்தே எடுக்கவேண்டும், தனியாகச் செய்து காட்டினால் அது சாம்பிள் இல்லை என்றேன். அவன் “சரி, வெட்டு” என்று துணியின் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்தான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். உன் அறை ஜன்னலுக்கு வெளியே கம்பியில் இழுத்துக் கட்டு. அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் வை. டூட்டிக்குப் போய்விட்டு வந்து பார். பேப்பர் நனைந்திருந்தால் தோற்றது. நனையவில்லை என்றால் சரி. துணியைத் துடைக்கவேண்டாம், உதறினால் போதும். உன் தலையையும் அப்படி விட்டுவிடாதே. அந்த ஊர் ஈரத்தில் உனக்குச் சைனஸ் வரும். நனைந்த தலையோடு படுக்காதே.

மூலை இல்லாத தார்ப்பாய் எதற்கும் ஆகாது. கயிறு கட்ட இடம் இல்லை, அந்தப் பக்கம் தொய்ந்து கிடக்கிறது. துண்டு திரும்ப வந்தால் தைத்துச் சேர்த்துவிடலாம். தையலில் சிலிக்கான் தடவினால் ஒழுகாது. சிறு துண்டில் செய்து பார்த்துவிட்டேன்.

கையெழுத்து உன் விருப்பம். போடாதே என்று எழுதப்போவதில்லை. ஆனால் அந்தத் துண்டைத் தபாலில் திருப்பி அனுப்பாதே. மடித்து அனுப்பினால் பூச்சு உரியும் என்று ஒரு காரணம் எழுத நினைத்தேன். உரியாது. இதையே மடித்துத்தான் உனக்கு அனுப்புகிறேன். எனவே காரணம் எதுவும் எழுதவில்லை. கையில் கொண்டு வா.

நீ விமானம் ஏறியபோது உனக்காக ஜெபித்தது உன் அம்மா. நான் டிராலி தள்ளிக்கொண்டு நின்றேன். நீ இறங்குவதற்கு இப்போது நான் ஜெபிக்கிறேன். எனக்கு வார்த்தை சரியாக வராது என்பது உனக்குத் தெரியும். வருகிற அளவுக்குச் செய்கிறேன். ஆண்டவர் உன்னை நனையாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாடியில் மேகம் பார்த்துக்கொண்டிருக்கும்
நேசகுமார்