மேசை விளக்கு வாங்கி வந்த அப்பாவுக்கு

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கணவனுக்கு எழுதினாள்:

“சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. பாப்பாவுக்கு மறுபடியும் கண்ணாடி பவர் ஏறிடுச்சு. தினமும் வெளியில, பகல் வெளிச்சத்துல விளையாட விடுங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு, மேசை விளக்கு வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க! நேத்து தெருமுனையில நீங்க கை ஆட்டினப்ப, கண்ணாடி போட்டிருந்தும் யாரோன்னு பேசாம நின்னாளே, உங்களுக்கு உறைக்கவே இல்லையா? ஸ்கூல் விட்டு வந்ததும் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பந்து செருப்புப் பக்கத்துல இருக்கு.”

தாளில் இடம் தீர்ந்தது, கோபம் தீரவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“விளக்கு எரியலைன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பல்பு என் பையில இருக்கு.”